கல் சொல்லாத ஆண்டு

காலத்தில் பின்னோக்கிப் போகும் ஒரு வண்டி கிடைத்து, ஒரே ஓர் ஆண்டுக்கு மட்டும் போய்வரலாம் என்றால் எந்த ஆண்டைக் கேட்பீர்கள்? பள்ளிப் பிள்ளைகளிலிருந்து முதியவர்கள் வரை எல்லோரும் விரும்பிப் பேசும் கேள்வி இது. யாரைப் பார்க்க ஆசை, எந்த விழாவில் நிற்க ஆசை என்று, பெரும்பாலும் இதை ஆசையின் கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறோம். இதை அறிவின் கேள்வியாக எடுத்துக்கொண்டால் விடை மாறிவிடும். நம் கையில் உள்ள சான்றுகள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை, சொல்லாமல் விட்டதற்குக் காரணம் என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டும். வேறு எந்த வழியிலும் அறிய முடியாத செய்திகள் மிகுதியாகக் குவிந்து கிடக்கும் ஆண்டைத்தான் கேட்க வேண்டும். அப்படிக் கணக்குப் பார்த்தால் தமிழ்நாட்டில் எனக்குக் கிடைக்கும் விடை 1006-ஆம் ஆண்டு. இடம் தஞ்சாவூர், மாதம் மே. ஏன் என்பதை உங்கள் முன் வாதமாக வைக்கிறேன்.

முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல். இந்தக் கேள்வியைத் தமிழர் அவையில் கேட்டால் முதலில் எழும் பெயர் திருவள்ளுவர். அடுத்துத் தொல்காப்பியர், சங்கப் புலவர்கள், பூம்புகார், கீழடி. வண்டிக்காரன் நம்மிடம் கேட்கப்போவது ஆண்டை. பெயரைச் சொன்னால் அவனுக்கு வழி தெரியாது. வள்ளுவர் எந்த ஆண்டில் இருந்தார்? கி.மு. 31-ஐத் தொடக்கமாகக் கொண்டு தமிழ்நாடு அரசு திருவள்ளுவர் ஆண்டை வழங்குகிறது. அது பொதுப் பயன்பாட்டுக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிவு. ஆய்வாளர்கள் குறிக்கும் காலங்களோ பல நூற்றாண்டுகளுக்குப் பரந்து கிடக்கின்றன. தவறான நூற்றாண்டில் போய் இறங்கினால், இன்னும் பிறக்காத ஒருவரையோ எப்போதோ மறைந்துவிட்ட ஒருவரையோ தேடிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். கீழடியில் கிடைத்த கரித்துண்டுகளின் பகுப்பாய்வு கி.மு. 6-ஆம் நூற்றாண்டு வரை நம்மைக் கொண்டுபோகிறது. ஆனால் அந்த முறை தருவது ஒரு கால வரம்பை. ஒற்றை ஆண்டை அதனால் சுட்ட முடியாது. ஆகவே நாம் கேட்கும் ஆண்டு, இன்ன ஆண்டில் இன்னது நடந்தது என்று ஐயமில்லாமல் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நம் இலக்கியத்தின் மிகப் பெரிய பெயர்கள் இந்த முதல் நிபந்தனையிலேயே விலகிவிடுவது வருத்தமான செய்திதான். ஆனாலும் உண்மை அதுவே.

ஆண்டு உறுதியாகத் தெரிந்த பெருநிகழ்ச்சி என்று தேடினால் பலருக்கும் உடனே நினைவுக்கு வருவது 1010. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்தில் கலசம் ஏறிய ஆண்டு. அதைக் கட்டிய சோழ அரசன் ராஜராஜனின் 25-ஆம் ஆட்சியாண்டு, 275-ஆம் நாள் என்று கல்வெட்டே நாளைச் சொல்கிறது. கலசமாக வைக்கக் கொடுத்த செப்புக் குடத்தின் நிறை 3,083 பலம், அதன் மேல் போர்த்திய பொன் தகடு 2,926½ கழஞ்சு என்பதையும் சொல்கிறது. இப்போது யோசித்துப் பாருங்கள். இவ்வளவு நுட்பமாகக் கல்லில் வெட்டப்பட்டு ஆயிரம் ஆண்டு நமக்காகக் காத்திருந்த நாளைப் போய்ப் பார்த்து நாம் புதிதாக அறியப்போவது என்ன? விழாவின் ஒலியும் ஒளியும் கூட்டமும் கிடைக்கும். அவை பேரின்பம் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரசன் தன் காலத்துக்குப் பிறகு வருவோர் எதைக் காண வேண்டும் என்று விரும்பினானோ அதையேதான் அன்றும் காண்போம். அவன் காட்ட நினைத்ததை அந்தச் சுவர்களே நமக்குக் காட்டிக்கொண்டிருக்கின்றன. அதற்கு வண்டி எதற்கு?

அந்தச் சுவர்கள் சொல்வது கொஞ்சநஞ்சமல்ல. கோயில் ஆடற்பெண்களான நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. எந்தத் தெருவின் எந்தச் சிறகில், எத்தனையாவது வீட்டில், எந்தக் கோயிலிலிருந்து வந்தவள் குடியிருக்கிறாள் என்ற விவரம் இருக்கிறது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பங்கு, அந்தப் பங்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆள் ஒன்றுக்கு நாள்தோறும் மூன்று குறுணி நெல். ஒரு விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள். கணக்கர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், சோதிடர் என்று ஓர் ஊரே அந்தப் பட்டியலில் வருகிறது. தலைமைத் தச்சன் குஞ்சரமல்லனான ராஜராஜப் பெருந்தச்சன் என்று பெயர் தெரிகிறது. பழைய உலகில் இப்படிப் பெயர் பெற்ற கட்டடக் கலைஞர்கள் மிகக் குறைவு. இந்தக் கற்கள் இல்லாவிட்டால் நம் நிலை என்னவாக இருந்திருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் இவற்றைப் படித்து வெளியிடும் வரை, இந்தக் கோயிலைக் கட்டியவன் கரிகாலன் என்று தல புராணம் சொன்னதையே மக்கள் நம்பினார்கள். தஞ்சையிலேயே, கோயிலின் நிழலிலேயே, கட்டியவன் பெயர் மறந்துபோயிருந்தது. வாய்வழி நினைவை மட்டும் நம்பியிருந்தால் ராஜராஜன் என்ற பெயருக்கும் இந்தக் கோயிலுக்கும் உள்ள உறவே நமக்குத் தெரிந்திராது.

இந்தக் கல்வெட்டுகள் எதற்காக வெட்டப்பட்டன என்பதுதான் என் வாதத்தின் அச்சு. அவை வரலாறு எழுதும் நோக்கத்தில் எழுந்தவை அல்ல. நான் கொடுத்தது, என் அக்கன் கொடுத்தது, என் பெண்டுகள் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் வெட்டுங்கள் என்பதே அரசனின் ஆணை. கொடை மாறிவிடக்கூடாது, பங்கு தவறிவிடக்கூடாது, நிலத்தின் எல்லை நகர்ந்துவிடக்கூடாது என்பதற்காகச் செய்த பதிவு அது. கொடுத்தது கல்லில் ஏறியது, கட்டியது ஏறவில்லை. தஞ்சைச் சமவெளி வண்டல் நிலம். கோயிலுக்கு வேண்டிய கருங்கல் அங்கே கிடையாது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரும் ஒரு விமானத்துக்கான கல் எந்தக் குன்றில் உடைக்கப்பட்டது, எந்த வழியாக வந்தது, காவிரியின் கிளைகளை எப்படிக் கடந்தது, எத்தனை பேர் இழுத்தார்கள், அவர்களுக்குக் கூலி உண்டா, கூலியில்லாத வெட்டி வேலையா, போர்க் கைதிகள் அதில் இருந்தார்களா என்ற ஒரு கேள்விக்கும் கல்வெட்டில் விடை இல்லை. சாரப்பள்ளத்திலிருந்து மைல்கணக்கில் மண் சாரம் அமைத்து 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல்லை உச்சிக்கு ஏற்றினார்கள் என்று எல்லோரும் சொல்கிறோம். உச்சியில் உள்ள சிகரம் பல துண்டுகளை இணைத்துச் செய்தது என்பது அதை ஆராய்ந்தவர்களின் கருத்து. அப்படியானால் அந்த நெடிய சாரமே தேவைப்பட்டிருக்காது. விமானத்தைச் சுற்றிச் சுற்றி ஏறும் பாதையோ மரச் சாரமோ போதுமானதாக இருந்திருக்கலாம். இந்த வழக்கை நூற்றாண்டுக்கணக்கில் பேசலாம், ஏட்டளவில் தீராது. கட்டுமானம் பாதியில் நிற்கும் ஒரு நாளில் அரை நாழிகை நின்று பார்த்தால் தீர்ந்துவிடும். வேலை 1003-ஐ ஒட்டித் தொடங்கி 1010-இல் முடிந்தது என்று கருதப்படுகிறது. 1010-இல் போனால் சாரத்தைப் பிரித்துவிட்டிருப்பார்கள். 1003-இல் போனால் அடித்தளம் மட்டும் இருக்கும். 1006 நடுவில் நிற்கிறது.

நடுவில் நிற்கும் ஆண்டுகள் 1005, 1007 என்று வேறும் உண்டே, 1006 மட்டும் ஏன் என்று கேட்பீர்கள். விடை வானத்தில் இருக்கிறது. 1006 ஏப்ரல் 30, மே 1 அளவில், விருச்சிகத்துக்குத் தென்மேற்கே, இன்று நாம் ஓநாய்த் தொகுதி என்று அழைக்கும் பகுதியில், அதுவரை ஒன்றும் இல்லாத இடத்தில் ஒரு விண்மீன் தோன்றியது. மனித குலம் எழுதி வைத்த விண்மீன்களிலேயே மிகப் பிரகாசமானது அதுதான். வெள்ளியைவிடப் பல மடங்கு ஒளி. கெய்ரோ அருகே ஃபுஸ்தாத்தில் இளைஞராக இருந்த அலி இப்னு ரித்வான், அதன் ஒளி நிலவின் ஒளியில் கால் பங்குக்கும் சற்று அதிகம் என்று பிற்காலத்தில் எழுதினார். அன்று எந்தக் கோள் எங்கே நின்றது என்பதையும் அவர் குறித்ததால்தான் நாள் வரை நமக்குத் தெரிகிறது. சீனத்துச் சோங் அரசவையில் ஜோ கெமிங் என்ற வானியல் அதிகாரி, இது நாட்டுக்கு வளம் தரும் நல்ல விண்மீன், மக்கள் அஞ்ச வேண்டாம் என்று பேரரசரிடம் விளக்கினார். ஆல்ப்ஸ் மலைச் சாரலில் உள்ள செயின்ட் காலன் மடத்துத் துறவிகள், தெற்கே அடிவானத்தின் கடைசி எல்லையில் மூன்று மாதம் அது தெரிந்ததாகத் தங்கள் ஆண்டுக் குறிப்பில் எழுதினார்கள். ஜப்பானிலும் பதிவு உண்டு. 1965-இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு அதன் எச்சத்தை அடையாளம் கண்டார்கள். ஏறத்தாழ 7,000 ஒளியாண்டு தொலைவில் ஒரு வெண்குறுமீன் முழுவதுமாக வெடித்துச் சிதறிய சூப்பர்நோவா அது. அதாவது 1006-இல் அதைப் பார்த்தவர்களே ஏழாயிரம் ஆண்டு பழைய நிகழ்ச்சி ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த விண்மீன் தஞ்சாவூரில் எப்படித் தெரிந்திருக்கும் என்பதைக் கணக்கிட்டுவிடலாம். அது தென்வானத்து விண்மீன். செயின்ட் காலனில் மலை விளிம்பைத் தடவிக்கொண்டு நான்கைந்து பாகை உயரத்தில் மட்டும் தெரிந்தது. கெய்ரோவில் 20 பாகைக்குச் சற்று மேல். தஞ்சாவூரோ பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிறது. அங்கே அது 40 பாகை உயரம் வரை ஏறியிருக்கும். மே மாதத் தொடக்கத்தில் மாலையில் எழுந்து, நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வந்து, விடியற்காலை வரை நின்றிருக்கும். கோடையின் உச்சம், தெளிந்த வானம், மாதக்கணக்கில் தெரிந்த ஒளி. மேகம் மறைத்தது என்று சொல்ல வழியில்லை. அன்று எழுதி வைத்த நாடுகள் எல்லாவற்றையும்விடத் தமிழ்நாட்டில் அது அழகாகவும் நீண்ட நேரமும் தெரிந்தது. அப்படியிருந்தும், ஆயிரக்கணக்கில் கல்வெட்டு வெட்டிய அரசின் தலைநகரிலிருந்து அதைப் பற்றி ஒரு வரிகூட இதுவரை கிடைக்கவில்லை. பாதி எழுந்த விமானத்துக்குத் தெற்கே, நிழல் விழும் அளவுக்கு ஒளிவிட்ட ஒரு புதிய விண்மீன். அதைப் பார்த்துக் கல்தச்சர் என்ன பேசினார்கள்? கோயிலில் பங்கு பெறவிருந்த சோதிடர்கள் அரசனிடம் என்ன சொன்னார்கள்? அச்சமா, மகிழ்ச்சியா? நமக்குத் தெரியாது. இந்த ஆண்டுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. வண்டி சரியான ஆண்டில்தான் இறக்கியதா என்று பயணி யாரையும் கேட்க வேண்டியதில்லை. இரவில் தெற்கே பார்த்தால் போதும்.

எழுதவில்லை என்றால் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் பொருட்படுத்தவில்லை என்றுதானே பொருள் என்று சிலர் வாதிடக்கூடும். தமிழர்க்கு வானியல் அறிவு இல்லை என்று இதிலிருந்து முடிவு கட்டுவோரும் இருப்பார்கள். நான் அதை ஏற்கவில்லை. எது எழுத்தில் ஏறுகிறது என்பதைத் தீர்மானிப்பது மக்களின் ஆர்வம் அல்ல. எழுதும் பொறுப்பு யாரிடம், எதற்காக இருந்தது என்பதே. சீனத்தில் வானத்தைப் பார்த்து எழுதுவதற்கென்றே சம்பளம் வாங்கும் அரசு அலுவலகம் இருந்தது. செயின்ட் காலனில் ஆண்டுதோறும் நடந்ததைக் குறிப்பது மடத்தின் வழக்கம். நம் சோழர் கல்வெட்டுகளைப் பாருங்கள்: சூரிய கிரகணமும் சந்திர கிரகணமும் வருகின்றன, ஏனென்றால் கிரகண நாளில் தானம் கொடுப்பது மரபு. தானம் கல்லில் ஏறும்போது கிரகணமும் கூடவே ஏறியது. புதிய விண்மீனுக்குத் தானம் கொடுக்கும் மரபு இல்லை, ஆகவே அதற்குக் கல்லும் இல்லை. புறநானூற்றில் கூடலூர் கிழார் விண்மீன் ஒன்று விழக் கண்டு சேரனின் சாவை முன்னுணர்ந்த பாட்டு இருக்கிறது. அரசன் உண்மையிலேயே இறந்ததால்தான் அந்தப் பாட்டு பிறந்தது. 1006-இல் ராஜராஜன் நலமாக இருந்தான், 1014 வரை வாழ்ந்தான். புலவனுக்கும் காரணம் கிடைக்கவில்லை. சோதிடர்கள் ஓலையில் குறித்திருக்கவே கூடும். ஆனால் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் ஓலைக்குச் சில நூறு ஆண்டுதான் ஆயுள். திரும்பத் திரும்பப் படியெடுக்கப்பட்டது பிழைத்தது; படியெடுக்க யாரும் இல்லாத கணிப்புக் குறிப்புகள் செல்லரித்துப் போயின. இந்த மௌனத்தை ஒரு மக்களின் அறியாமை என்று படிப்பது பெரும் பிழை. அது பதிவு முறையின் மௌனம்.

அதே ஆண்டில் தஞ்சையிலிருந்து இரண்டு மூன்று நாள் நடைத் தொலைவில் நாகப்பட்டினத்தில் இன்னொரு கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. கடல் கடந்த ஸ்ரீவிஜய அரசன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் எடுப்பித்த பௌத்த விகாரம் அது. பொன்னியின் செல்வனைப் படித்தவர்களுக்கு நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரம் என்றால் தெரியும். கல்கி கதைக்காக அதை ஒரு தலைமுறை முன்னால் கொண்டுபோய் வைத்தார். அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரை ராஜராஜன் கொடுத்தது தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005 நடுவில் தொடங்கி 1006 நடுவரை ஓடிய ஆண்டில். ஊரின் எல்லையைப் பெண்யானையை நடத்திக் குறித்ததையும், ஆண்டுக்கு 8,900 கலத்துக்கு மேல் நெல் வந்ததையும் செப்பேடு சொல்கிறது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அதற்கு லைடன் செப்பேடு என்றே பெயர். ஆனால் அந்த விகாரத்துக்குள் யார் வாழ்ந்தார்கள், எந்த மொழியில் பாடம் நடந்தது, மலாய்க் கடற்பகுதியிலிருந்து வந்த வணிகரும் பிக்குகளும் ஊராருடன் எப்படிப் பழகினார்கள் என்பது செப்பேட்டில் இல்லை. அங்கே நின்ற பழைய செங்கல் கோபுரம் ஒன்றை 1867-இல் அரசின் ஒப்புதலோடு இடித்துவிட்டார்கள். மண்ணுக்குள்ளிருந்து முந்நூறுக்கு மேற்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் கிடைத்தன. சைவப் பேரரசன் ஒருவன் தன் வாழ்வின் மிகப் பெரிய சிவன் கோயிலைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் ஒரு பௌத்த விகாரத்துக்கு ஊர் கொடுத்தான்; இருபது ஆண்டு கழித்து அவன் மகனின் கப்பற்படை அதே ஸ்ரீவிஜய அரசனின் நாடான கடாரத்தின் மேல் பாய்ந்தது. நட்பு நட்பாகவே இருந்த காலத்தின் முகத்தைக் காண 1006 பொருத்தமானது.

இதற்கு எதிராக எழக்கூடிய மிக வலிமையான மறுப்பு ஒன்று உண்டு. சோழர் காலத்தைப் பொற்காலம் என்று போற்றும் பழைய பாட்டைத்தானே இதுவும் பாடுகிறது என்பது அது. நேர்மையான மறுப்பு, நேராகவே விடை சொல்கிறேன். அந்தக் காலத்தை வழிபடப் போகச் சொல்லவில்லை, விசாரிக்கப் போகச் சொல்கிறேன். கர்நாடகத்தின் ஹொட்டூரில் 1007-08 அளவில் வெட்டப்பட்ட சாளுக்கியக் கல்வெட்டு ஒன்று, சோழன் ஒன்பது லட்சம் படையோடு வந்து நாட்டைச் சூறையாடினான், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றான் என்று குற்றம் சாட்டுகிறது. எண்ணிக்கை பகைவன் மிகைப்படுத்தியது. குற்றச்சாட்டு முழுதும் மிகையா? தஞ்சைச் சுவரோ சாளுக்கிய அரசன் சத்தியாசிரயனை வென்று வந்து அரசன் கோயிலுக்குப் பொன் கொடுத்ததைப் பெருமையாகச் சொல்கிறது. ஒரே போரைப் பற்றி இரண்டு கற்கள்; ஒன்று பொன்னை எண்ணுகிறது, மற்றொன்று பிணத்தை எண்ணுகிறது. அதே தஞ்சைச் சுவர்களில் ஊர்களின் இறையிலி நிலங்களைக் கழிக்கும்போது கோயில், குளம், வாய்க்கால், சுடுகாடு என்ற வரிசையில் பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் வருகின்றன. நானூறு ஆடற்பெண்களின் பெயரைத் தெரு வாரியாக எழுதிய அதே கை, அந்தச் சேரிகளில் வாழ்ந்த ஒருவர் பெயரைக்கூட எழுதவில்லை. அவர்கள் கணக்கில் வருவது கழிக்க வேண்டிய நிலமாக மட்டும். அந்த நானூறு பெண்களையும் எண்ணிப் பாருங்கள். பழையாறையிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் வேறு பல ஊர்களிலிருந்தும் கொண்டுவரப்பட்டவர்கள். எங்கிருந்து வந்தாள் என்பது கல்லில் இருக்கிறது. விரும்பி வந்தாளா என்பது இல்லை. ஒரு காலத்தை அறிய விரும்புகிறவர்கள் அதன் புகழ்மொழி எங்கே நின்றுவிடுகிறதோ அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். புறப்படும் பயணி கோயில் வாசலுக்குப் போவதற்கு முன் அந்தச் சேரிகளுக்குப் போக வேண்டும் என்பதை என் வாதத்தின் ஒரு பகுதியாகவே சொல்கிறேன்.

இன்னொரு மறுப்பு அறம் சார்ந்தது. இப்படி ஒரு வண்டி கிடைத்தால் வேடிக்கை பார்க்கப் போகலாமா, உயிர் காக்கப் போக வேண்டாமா என்பது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பசியால் மடிந்தார்கள். ஆழிப்பேரலை வந்த 2004 டிசம்பர் 26 காலையில் நம் கடற்கரைக்கு ஒரு மணி நேரம் முன்னால் செய்தி சொல்லியிருந்தால் போதும். இந்த மறுப்புக்கு முன் எந்த ஆய்வு ஆர்வமும் சிறுத்துப் போகும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நடந்ததை மாற்ற முடியும் என்றால் எனக்கும் 1006 வேண்டாம். ஆனால் மாற்ற முடியுமா? 1949-இல் குர்ட் கோடல், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்குள்ளேயே கடந்த காலத்துக்குத் திரும்பும் பாதைகள் கொண்ட ஒரு பிரபஞ்சம் அமைய இடமிருக்கிறது என்று காட்டினார். நம் பிரபஞ்சம் அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. ஸ்டீஃபன் ஹாக்கிங் இயற்கை விதிகளே அத்தகைய பயணத்தைத் தடுத்துவிடும் என்று 1992-இல் கருதுகோள் வைத்தார். அப்படியே பாதை இருந்தாலும் அதில் போகிறவர் செய்வது ஏற்கெனவே நடந்த வரலாற்றின் பகுதியாகவே இருக்கும், முரண்பாடு எழ முடியாது என்பது இயற்பியலாளர் நோவிகோவ் போன்றோர் கொண்ட நிலை. அதன்படி கடந்த காலத்துக்குப் போகிறவரால் எதையும் மாற்ற முடியாது, சாட்சியாக நிற்கத்தான் முடியும். சாட்சி எங்கே தேவை என்று கேட்டால் 1877-இல் சாட்சிக்குப் பஞ்சமில்லை. புகைப்படங்கள் இருக்கின்றன, வில்லியம் டிக்பி எழுதிய இரண்டு தொகுதிகள் இருக்கின்றன, கூலி நெல்லை எவ்வளவு குறைத்தார்கள் என்ற அரசு ஆணைகள் இருக்கின்றன. அந்தப் பஞ்சத்தைப் பற்றி நமக்குக் குறைவது அறிவு அல்ல. அதை நம் பாடநூல்களில் உரிய இடத்தில் வைக்கும் மனம்தான்.

எதிர்காலத்தைக் கேட்டால் என்ன என்பாரும் உண்டு. காலப் பயணக் கதை எழுதிய வெல்ஸின் கதைநாயகன் 802701-ஆம் ஆண்டுக்குப் போனான். இயற்பியல் பார்வையில் எதிர்காலப் பயணம் மெய்யாகவே நடப்பது. வேகமாக நகரும் கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்பது விமானங்களிலும் செயற்கைக்கோள்களிலும் அளந்து நிறுவப்பட்டது. ஆயினும் என் தேர்வு மாறாது. எதிர்காலத்தைக் காண அங்கே மக்கள் இருப்பார்கள், நம்மைவிட நன்றாக எழுதியும் வைப்பார்கள். 1006-இல் தஞ்சையில் நடந்ததைக் கண்டவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள், அவர்கள் எழுதியதில் பெரும்பகுதியும் போய்விட்டது. அங்கே புதிய சாட்சி ஒருவர் தேவை.

ஒரே ஒரு பயணி, சில நாள், அவர் பார்த்தது எந்த அளவுக்கு நம்பத்தக்கது என்று கேட்கலாம். ஒரு பயணியின் கண் பிழைபடும் என்பது சரி. ஆனால் இங்கே அவர் வெறுங்கையோடு போகவில்லை. ஊர்ப் பெயரும் நாணயமும் முகத்தலளவும் பதவிப் பெயரும் கல்வெட்டிலிருந்து அவருக்கு முன்பே தெரியும். கண்டதைச் சரிபார்க்க அவரிடம் அளவுகோல் உண்டு. மொழியும் முற்றிலும் அயல் அல்ல. ராஜராஜனின் கல்வெட்டுத் தமிழைச் சற்றுப் பயிற்சியோடு இன்று படிக்க முடிகிறது. பேச்சு வேறாக இருந்திருக்கும், ஆனால் சில வாரங்களில் காது பழகிவிடும். இதனாலும் ஆயிரம் ஆண்டு என்பது நல்ல தொலைவு. இரண்டாயிரம் ஆண்டு போனால் கேள்விகளைக் கேட்கவே முடியாமல் போகும். இருநூறு ஆண்டு போனால் கேட்க வேண்டியதில் பாதிக்கு ஆவணக் காப்பகத்திலேயே விடை இருக்கும். கருவறையைச் சுற்றிய உட்பாதையின் சுவரில் சோழர் ஓவியங்கள் நாயக்கர் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்ததை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேல்தளத்தில் 108 கரணங்களைச் செதுக்க இடம் வகுத்து, 81 முடிந்து, 27 கற்கள் வெறுமையாக நிற்கின்றன. அந்த ஓவியர் யார், அந்த உளி ஏன் நின்றது என்று கேட்கும் அளவுக்கு நமக்கு விவரம் தெரிந்திருப்பதே அந்தக் காலம் விசாரணைக்கு எட்டும் தொலைவில் இருப்பதற்கு அடையாளம்.

வண்டி வரப்போவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஹாக்கிங் 2009 ஜூன் 28 அன்று காலப் பயணிகளுக்கென்று விருந்து வைத்து, அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகே வெளியிட்டார், ஒருவரும் வரவில்லை. ஆனால் 1006-ஐப் பற்றி இன்னும் அறிய முடிந்தவை எல்லாம் தீர்ந்துவிடவில்லை. தமிழ்நாட்டில் படியெடுத்தும் அச்சேறாத கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் உள்ளன, படியெடுக்கப்படாதவையும் உள்ளன. ஏதோ ஓர் ஊர்க் கோயிலின் அதிட்டானத்தில், ராஜராஜனின் 21-ஆம் அல்லது 22-ஆம் ஆண்டுக் கல்லில், ஒரு கல்தச்சனின் கூலியோ ஒரு சேரிவாசியின் பெயரோ தென்வானத்து ஒளியைப் பற்றிய ஒரு சொல்லோ இருக்க வாய்ப்புண்டு. அந்தக் கற்களைத் திருப்பணி என்ற பெயரில் மணல் பீய்ச்சிச் சுரண்டுகிறோம், சிமெண்டால் பூசுகிறோம், சுண்ணாம்பும் வண்ணமும் அடிக்கிறோம், பழைய கல்லைக் கழற்றிப் படிக்கல்லாகப் போடுகிறோம். உங்களை நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். உங்கள் ஊர்க் கோயிலில் திருப்பணி தொடங்கும் செய்தி வந்தால், வேலை தொடங்குவதற்கு முன் சுவரில் எழுத்து இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். இருந்தால் ஒவ்வொரு கல்லையும் தெளிவாகப் படம் எடுங்கள், தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள், படியெடுத்து முடியும் வரை அந்தச் சுவரில் கை வைக்க வேண்டாம் என்று நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள்.